கம்ப்யூட்டரில் செய்த மூச்சொலி: எல்லாரும் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

ராமநாதபுரம் கரையோரத்தில் நர்சிங் படிக்கும் பிள்ளைகளுக்கு நெஞ்சுப் பரிசோதனை சொல்லிக் கொடுப்பது என் வேலை. ஸ்டெதாஸ்கோப் வைத்தால் நுரையீரலில் கேட்கும் ஒலிகளைக் கம்ப்யூட்டரில் நானே உருவாக்கி, மூன்று வருடமாக வகுப்பில் போட்டுக் காட்டி வருகிறேன். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, மண்டபம் என்று எங்கிருந்து வரும் மாணவியானாலும், வேறு கல்லூரி ஆசிரியர்களானாலும், கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

மூச்சொலியைச் "செய்வது" என்றால் என்ன?

யாருடைய நெஞ்சிலும் மைக் வைக்காமல், வெறும் இரைச்சலையும் சில அலைகளையும் எடுத்து, வடிகட்டி, ஏற்றி இறக்கி, நுரையீரலில் கேட்பது போன்ற ஒலியை உண்டாக்குவது. வயலின் இல்லாமலே கீபோர்டில் வயலின் ஒலி வருகிறதல்லவா, அதே வழிதான்.

நோயாளியிடமிருந்து பதிவு செய்த ஒலி இணையத்தில் கொட்டிக் கிடக்கிறதே, ஏன் இந்தச் சிரமம்?

அதிகம் கேட்கப்படுவது இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு நாள் நடந்தது. ஒரு மருத்துவமனை வார்டுக்கு மாணவிகளைக் கூட்டிப் போயிருந்தேன். சீமைக்கருவேல விறகை அடுக்கிக் கரிமூட்டம் போட்டு, வாழ்நாள் முழுக்க அந்தப் புகையில் நின்ற ஒரு பெரியவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் நுரையீரலின் அடிப்பகுதியில் நல்ல கிரெப்ஸ், அதாவது மூச்சோடு வரும் சின்னச் சின்ன வெடிப்பொலி. அப்படித் தெளிவாகக் கேட்பது அபூர்வம் என்பதால் ஒவ்வொருத்தியாக வந்து முதுகில் வைத்துக் கேட்கச் சொன்னேன். இருபத்தி நாலு பேர். ஒவ்வொருத்தியும் "ஐயா, வாயைத் திறந்து நல்லா இழுத்து விடுங்க" என்றாள், அவரும் மறுக்காமல் இழுத்து விட்டார். பதினொன்றாவது பெண் குழாயை வைத்தபோது அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எம்புட்டுத் தடவ தாயி இழுக்கச் சொல்றீங்க, கண்ணக் கட்டுது" என்றார். தொடர்ந்து ஆழமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும். எனக்கு அது தெரியும், பாடமாகவே எடுத்திருக்கிறேன். இருந்தும் நிறுத்தத் தோன்றவில்லை. அன்றைக்குத்தான், காதைப் பழக்க ஒரு நோயாளியின் முதுகு தேவையில்லாத வழி ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தேன்.

சரி, பதிவுகளை வைத்தே பழக்கலாமே என்றால், பழக்கலாம், நானும் போடுகிறேன். ஆனால் பதிவில் மூச்சு மட்டுமா இருக்கும்? இதயத் துடிப்பு, சட்டை உரசல், மின்விசிறி, குழாயைப் பிடித்திருக்கும் விரலின் நடுக்கம் எல்லாம் சேர்ந்தே இருக்கும். முதல் முறை கேட்கிறவளுக்கு எது நுரையீரல், எது சட்டை என்றே பிடிபடாது. அப்புறம், அந்தப் பதிவுக்கு ஒட்டியிருக்கும் பெயர். "இது கிரெப்ஸ்" என்று ஒருவர் எழுதியிருப்பார், அதையே இன்னொருவர் கேட்டால் "ராங்கை மாதிரியும் இருக்கே" என்பார் (ராங்கை என்பது குறட்டை போன்ற இன்னொரு மூச்சொலி). அனுபவமுள்ளவர்களே வேறுபடும் விஷயம் இது. நாமே செய்த ஒலியில் அந்தச் சண்டைக்கு இடமில்லை. எத்தனை வெடிப்பு, எந்த மில்லிசெகண்டில், எந்த அதிர்வெண்ணில் என்று வைத்தவருக்கே தெரியும். மாணவி தவறாகச் சொன்னால், எந்த இடத்தில் தவறவிட்டாள் என்று திரையில் விரல் வைத்துக் காட்ட முடியும்.

இன்னொன்றும் உண்டு: ஒன்றை மட்டும் மாற்றலாம். அதே மூச்சு, அதே வேகம், வெடிப்பு மட்டும் மூச்சிழுப்பின் தொடக்கத்திலிருந்து கடைசிக்கு நகர்கிறது. எந்த நோயாளியும் நமக்காக அப்படி மாறிக் காட்ட முடியாது.

நுரையீரலில் சத்தம் எங்கிருந்து வருகிறது? காற்றுப் பைகளிலிருந்தா?

பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். கடைசியில் இருக்கும் காற்றுப் பைகளில் சத்தமே கிடையாது.

மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகப் பிரிந்து போகிறது. 1963-ல் வெய்பெல் என்ற நுரையீரல் ஆய்வாளர் தந்த அளவுக் கணக்கின்படி இப்படி 23 தலைமுறைக் கிளைகள். ஒவ்வொரு கிளையும் சின்னதுதான், ஆனால் எண்ணிக்கை பெருகுவதால் மொத்தப் பரப்பு விரிந்துகொண்டே போகிறது, காற்றின் வேகம் குறைந்துகொண்டே வருகிறது. வாய்க்காலில் இரைந்து ஓடும் தண்ணீர் கண்மாயில் விழுந்ததும் அடங்கிவிடுகிற மாதிரி. காற்று கொந்தளித்துச் சுழல்வது பெரிய, நடுத்தரக் குழாய்களில்தான், இரைச்சல் பிறப்பதும் அங்கேதான். பிறந்த இரைச்சல் நுரையீரல் திசு, விலா, தோல் எல்லாவற்றையும் கடந்து நம் ஸ்டெதாஸ்கோப்புக்கு வர வேண்டும். காற்று நிறைந்த அந்தத் திசு கூர்மையான ஒலியை விழுங்கிவிட்டு, கனத்த ஒலியை மட்டும் வெளியே விடுகிறது. நுரையீரல் திசுவில் ஒலியின் வேகம் செகண்டுக்கு ஏறக்குறைய 25 முதல் 70 மீட்டர்தான், வெளிக்காற்றில் 340 மீட்டர் என்பதோடு ஒப்பிட்டால் எவ்வளவு மந்தம் பாருங்கள். காற்றும் ஈரத் திசுவும் மாறி மாறி இருப்பதால் வரும் மந்தம் அது.

வகுப்பில் இதைச் சொல்ல ஒரு சங்கை எடுத்துப் போவேன். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு சங்காவது கிடக்கும், கீழக்கரையில் சங்கு குளித்த குடும்பத்துப் பிள்ளைகளும் வகுப்பில் உண்டு. காதில் வைத்தால் கடல் இரையும் என்று பாட்டி சொல்லியிருப்பாள். அங்கே கேட்பது, நம்மைச் சுற்றி இருக்கும் சத்தத்தில் சங்கின் உள்வெளிக்குப் பிடித்த அதிர்வெண் மட்டும் பெருகி வருவது. சின்னச் சங்கை வைத்தால் ஒலி மெலிந்து உயரும், பெரிய சங்கை வைத்தால் கனக்கும். உள்ளே போவது அதே இரைச்சல்தான், கூடு மாறியதும் ஒலி மாறிவிட்டது. இந்த ஒன்று விளங்கிவிட்டால் கம்ப்யூட்டரில் செய்வதில் பாதி முடிந்தது.

அப்படியானால் சாதாரண மூச்சை எப்படிச் செய்வது?

கேஸ் ஷீட்டில் "என்விபிஎஸ்" என்று எழுதுகிறோமே, அந்தச் சாதாரண மூச்சுதான் எல்லாவற்றுக்கும் அடிமனை. அதைச் சரியாகச் செய்யாமல் மேலே எதை வைத்தாலும் பொய்யாகக் கேட்கும்.

வெள்ளை இரைச்சலிலிருந்து தொடங்குங்கள், அதாவது எல்லா அதிர்வெண்ணும் சம அளவில் கலந்த "ஷ்ஷ்". அதை வடிகட்டி வழியாக விடுங்கள். சாதாரண நுரையீரல் ஒலியின் பலம் பெரும்பாலும் 100-லிருந்து 200 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு இத்தனை அதிர்வு) வரைதான், அதற்கு மேல் வேகமாகச் சரிந்து, 1000 ஹெர்ட்ஸ் பக்கம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஒரேயடியாக வெட்டாமல், சரிவாக இறங்கும் வடிகட்டியைப் போடுங்கள், செங்குத்தாக வெட்டினால் டப்பாவுக்குள் இருந்து வருவது போல் கேட்கும்.

அடுத்து ஏற்ற இறக்கம். நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் ஒரு மூச்சுக்கு 4 செகண்ட். அதில் இழுப்பு ஒன்றரைச் செகண்டுக்குக் கொஞ்சம் மேல், மீதி விடுவதும் ஓய்வும். இழுக்கும்போது ஒலி மெல்ல ஏறி, உச்சிக்குப் போய், மெல்ல இறங்கும். காற்றின் வேகம் கூடும்போது ஒலியின் ஆற்றல் அதைவிட வேகமாகக் கூடும், அதனால் ஏற்றத்தை நேர்கோடாகப் போடாமல் வளைவாகப் போடுங்கள். விடும்போது இன்னும் மெலிவாக, முதல் பகுதியில் மட்டும் கேட்டு மறைய வேண்டும். விடுகிற நேரம் இழுப்பதைவிட நீளம், ஆனால் கேட்கிற நேரம் குட்டை. "மேம், புத்தகத்தில் வெளிமூச்சு நீளம்னு போட்டிருக்கே, இங்கே குட்டையா கேக்குதே" என்று வருடா வருடம் யாராவது ஒருத்தி கேட்பாள். கேட்டவளை எனக்குப் பிடித்துவிடும், ஏனென்றால் அவள் உண்மையிலேயே காது கொடுத்துக் கேட்டிருக்கிறாள்.

கடைசியாக, எந்த இரண்டு மூச்சும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. நேரத்திலும் உயரத்திலும் நூற்றுக்கு ஐந்து பங்கு போல ஏதாவது மாற்றம் கலந்துவிடுங்கள். ஒரே மூச்சை வெட்டி வெட்டி ஒட்டினால் நாலாவது மூச்சிலேயே காது அதை மெஷின் என்று கண்டுபிடித்துவிடும்.

வீசிங்?

எங்கள் ஊரில் "வீசிங்" என்றால் ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் தெரியும். இது இரைச்சல் இல்லை, இசைச் சுரம். மேலே சொன்ன அடிமனையின் மேல் ஒரு சுத்தமான அலை, கூட ஒன்றிரண்டு மேல்சுரம் மெலிவாக. அதிர்வெண் 400 ஹெர்ட்ஸ் பக்கம் அல்லது அதற்கு மேல் வையுங்கள், நீளம் 100 மில்லிசெகண்டாவது வேண்டும், வகுப்புக்கு 250-க்கு மேல் வைத்தால் தெளிவாகப் பிடிபடும். பெரும்பாலும் மூச்சு விடும்போது.

இது எப்படி உண்டாகிறது என்று விளக்க ஒரு பூவரச இலை போதும். சின்ன வயதில் இலையைச் சுருட்டி, ஒரு முனையை விரலால் அமுக்கித் தட்டையாக்கி ஊதினோமே, பீப்பீ. தட்டையான முனையில் இலையின் இரண்டு உதடும் படபடத்து அடிப்பதால்தான் அந்தச் சத்தம். இறுகிச் சுருங்கிய மூச்சுக்குழாயின் சுவரும் அப்படித்தான் படபடக்கிறது. புல்லாங்குழல் மாதிரி குழாயின் நீளத்தால் சுரம் வருவதில்லை, சுவரின் கனமும் இறுக்கமும் காற்றின் வேகமும் சேர்ந்து சுரத்தைத் தீர்மானிக்கின்றன. இதைத் தெளிவாகச் சொன்னவர்களில் முக்கியமானவர் பால் ஃபோர்கக்ஸ் என்ற இங்கிலாந்து மருத்துவர். இதைப் புரிந்துகொண்டால், "கீச்சென்று கேட்டால் சின்னக் குழாய், கனத்தால் பெரிய குழாய்" என்று மனப்பாடம் செய்யும் பழக்கம் போய்விடும்.

ஆஸ்துமாவுக்குச் செய்யும்போது மூன்று நாலு சுரம், ஒவ்வொன்றும் கொஞ்சம் முன்பின்னாகத் தொடங்கி, தனித்தனியாக ஏறி இறங்கட்டும். ஒரே ஒரு சுரம், எல்லா மூச்சிலும் அதே இடத்தில், ஒரு பக்கம் மட்டும் என்று வைத்தால் அது வேறு கதை: குழந்தை எதையோ விழுங்கிக் குழாயில் அடைத்திருக்கலாம், பெரியவருக்குக் கட்டியாக இருக்கலாம். இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள், சொல்லாமலே வித்தியாசம் விளங்கும்.

கிரெப்ஸ் எனக்கு வரவே இல்லை, மழை பெய்கிற மாதிரி கேட்கிறது. என்ன தப்பு?

வெடிப்புகளை அதிகமாகவும் சீராகவும் போட்டிருப்பீர்கள். ஒரு வெடிப்பை மட்டும் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மெல்லிய கிரெப்ஸில் ஒரு வெடிப்பு ஏறக்குறைய 5 மில்லிசெகண்ட், 650 ஹெர்ட்ஸ் பக்கம். கனத்த கிரெப்ஸில் 15 மில்லிசெகண்ட், 350 ஹெர்ட்ஸ் பக்கம். கம்ப்யூட்டர் ஒலியைச் செகண்டுக்கு 44,100 புள்ளியாக எழுதி வைக்கும் கணக்கில் 5 மில்லிசெகண்ட் என்பது வெறும் 220 புள்ளி. அந்த 220 புள்ளிக்குள்: தொடக்கம் சடாரென்று, முதல் அலை குறுகலாக, அடுத்தடுத்த அலை அகன்றுகொண்டே, உயரம் தேய்ந்துகொண்டே. அலையின் அகலம் மாறாமல் தேய மட்டும் விட்டால் "டிங்" என்று சின்ன மணி அடிக்கும். அகலத்தையும் கூட்டினால்தான் "பட்".

ஸ்டெதாஸ்கோப்பை 1816-ல் பாரிஸில் காகிதத்தைச் சுருட்டிக் கண்டுபிடித்த லென்னக், இந்த ஒலியைச் சூடான சட்டியில் உப்பு வெடிப்பதோடு ஒப்பிட்டு 1819-ல் எழுதினார். வாலிநோக்கம் உப்பளம் இருக்கும் ஜில்லாவில் இருந்துகொண்டு நாம் அதை வாயால் சொல்லிவிட்டுப் போகலாமா? வகுப்புக்கே மின்னடுப்பு கொண்டுபோனேன். இரும்புச் சட்டி காய்ந்ததும் ஒரு பிடி கல்லுப்பு போட்டேன். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் ஒன்று, இடைவெளி விட்டு இரண்டு, சட்டென்று ஏழெட்டுச் சேர்ந்து, மறுபடி அடக்கம். உப்புக் கல்லுக்குள் அடைபட்ட ஈரம் ஆவியாகி உடைத்துக்கொண்டு வருகிறது. அந்த ஒழுங்கில்லாத கொத்துதான் உங்கள் கோப்பில் இல்லாதது. நுரையீரலிலும் மூடிக் கிடந்த சின்னக் குழாய்கள் மூச்சு உள்ளே வரவர ஒவ்வொன்றாகப் படீர் என்று திறக்கின்றன, ஒன்று திறந்தால் பக்கத்தில் இருப்பதற்கும் தைரியம் வந்துவிடுகிறது. ஒரு மூச்சுக்கு ஆறு முதல் பத்து வெடிப்பு போதும், நேரத்தைத் தற்செயலாக, கொத்துக் கொத்தாக வையுங்கள்.

எந்த இடத்தில் வைப்பது என்பது பாடத்தின் உயிர். நுரையீரல் தழும்பாகிப் போனவருக்கு மெல்லிய வெடிப்பு, இழுப்பின் கடைசிப் பகுதியில், இருமினாலும் மாறாது. சளி நிறைந்த குழாயில் கனத்த வெடிப்பு, இழுப்பின் தொடக்கத்திலேயே, விடும்போதும் சில, இருமினால் குறையும் அல்லது இடம் மாறும். அதனால் "இருமலுக்கு முன்", "இருமலுக்குப் பின்" என்று ஜோடி ஜோடியாகக் கோப்பு செய்து வைத்திருக்கிறேன். அந்தக் கரிமூட்டப் பெரியவரின் முதுகில் கேட்டது முதல் வகை, நினைவிலிருந்து அதைத்தான் முதலில் செய்து பார்த்தேன்.

ராங்கை, ஸ்ட்ரைடர், ப்ளூரல் ரப்?

ராங்கை வீசிங்கின் தடித்த தம்பி: 200 ஹெர்ட்ஸ் அல்லது அதற்குக் கீழே, குறட்டை மாதிரி, இருமினால் பெரும்பாலும் போய்விடும். ஸ்ட்ரைடர், தொண்டைப் பக்கம் மூச்சு வழி குறுகும்போது வரும் ஒலி: இழுக்கும்போது, கழுத்தின் மேல் மிகப் பலமாக, 500 ஹெர்ட்ஸ் பக்கம். இதைக் கேட்டால் கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது, உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள். ப்ளூரல் ரப் என்பது நுரையீரலைச் சுற்றியுள்ள உறைகள் ஒன்றோடொன்று உரசும் ஒலி. அதற்கு, கரையில் கட்டிப் போட்ட நாட்டுப்படகின் கயிறு அலைக்கு இறுகித் தளரும்போது கிறீச்சிடுமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். இழுப்பிலும் விடுவதிலும் ஒரே இடத்தில் வரும். மூன்றிலும் எனக்குத் திருப்தி இல்லாதது ரப்தான், இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

நிமோனியாவில் ஒலி "பலமாக" கேட்கும் என்கிறார்கள். சளி அடைத்தால் குறையத்தானே வேண்டும்?

நல்ல கேள்வி. காற்று நிறைந்த திசு கூர்மையான ஒலியை விழுங்குகிறது என்று மேலே சொன்னேன். நிமோனியாவில் அந்த இடம் காற்றில்லாமல் கெட்டியாகிவிடுகிறது, பெரிய குழாய்கள் மட்டும் திறந்திருந்தால் அங்கே பிறக்கும் ஒலி வடிகட்டப்படாமல் அப்படியே வந்துவிடும். கம்ப்யூட்டரில் இதைச் செய்வது எளிது: வடிகட்டியை உயர்த்தி மேல் அதிர்வெண்ணையும் விடுங்கள், வெளிமூச்சை இழுப்புக்குச் சமமாக நீட்டுங்கள், இரண்டுக்கும் நடுவே சின்ன இடைவெளி விடுங்கள். பிராங்கியல் பிரீதிங், அதாவது பெரிய குழாயின் மூச்சொலி, வந்துவிடும்.

இதோடு குரலையும் செய்து காட்டுங்கள். நோயாளியை "ஈ" என்று சொல்லச் சொன்னால் கெட்டியான இடத்தின் மேல் "ஏ" என்று கேட்கும். என் குரலில் "ஈ" பதிந்து, வடிகட்டியை மாற்றி மாற்றிப் போட்டேன். திரையில் கோடு நகர நகர "ஈ" வாயைத் திறந்து "ஏ" ஆனபோது வகுப்பே சிரித்துக் கைதட்டியது.

என்ன கம்ப்யூட்டர், என்ன மென்பொருள் வேண்டும்?

எட்டு வருடப் பழைய லேப்டாப் போதும். நிரல் எழுத வராதவர்கள் ஆடாசிட்டியில் தொடங்குங்கள், இலவசம்: இரைச்சல் உண்டாக்கும் வசதி, வடிகட்டி, ஏற்ற இறக்கம் வரையும் கருவி மூன்றும் உள்ளே இருக்கின்றன. சாதாரண மூச்சும் வீசிங்கும் ஒரு மதியத்தில் வந்துவிடும். கிரெப்ஸுக்கு மட்டும் பைதான் என்ற நிரல் மொழியைப் பழகிக்கொள்வது நல்லது, கூட அதன் கணக்குத் தொகுப்புகளான நம்பை, சைபை, அவையும் இலவசம். எனக்கு இன்ஜினியரிங் படித்த தம்பி மகன் லீவில் வந்தபோது கற்றுக் கொடுத்தான், இரண்டு வாரம் பிடித்தது. தற்செயல் எண்களுக்கு ஒரு தொடக்க எண் கொடுத்து அதைக் குறித்து வையுங்கள். அப்போதுதான் அடுத்த வருடமும் அச்சு அசல் அதே வெடிப்புகள் வரும், பரீட்சைக்கு அது அவசியம்.

போனில் போட்டால் ஒன்றுமே கேட்கவில்லை!

கேட்காது. போன் ஸ்பீக்கர் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே திணறும், நம் சாதாரண மூச்சின் பலம் முழுக்க அதற்குக் கீழேதான். வீசிங் மட்டும் நன்றாகக் கேட்கும், உடனே பிள்ளைகள் "வீசிங்தான் பெரிய சத்தம்" என்று தப்பாகப் பதிந்துகொள்வார்கள். காதை நன்றாக அடைக்கிற இயர்போன் போடுங்கள்.

கோப்பை வாய்ஸ் மெசேஜாக அனுப்பாதீர்கள். பேச்சுக்கென்று செய்த சுருக்கமும் சத்தக் குறைப்பும் சேர்ந்து, நாம் பாடுபட்டுச் செய்த இரைச்சலைக் குப்பை என்று நினைத்துத் துடைத்துவிடும். வேவ் கோப்பாக, டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். ஸ்டீரியோ தேவையில்லை, ஸ்டெதாஸ்கோப்பின் முனை ஒன்றுதான்.

பயிற்சிப் பொம்மை வாங்க வசதியில்லை. ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பழக என்ன செய்வது?

மயாமி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கார்டன் 1968-ல் அறிமுகப்படுத்திய "ஹார்வி" என்ற ஆளுயரப் பொம்மைதான் இந்த வகையில் பேர் போனது, இதய ஒலியும் மூச்சொலியும் தரும். அந்த மாதிரிப் பொம்மைகள் விலை அதிகம். நான் செய்தது: பழைய தலையணையில் சட்டை மாட்டி, முதுகுப் பக்கம் ஆறு இடத்தில் சின்ன ஸ்பீக்கரைத் தைத்து வைத்தேன், ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்விட்ச். ஸ்பீக்கரின் விளிம்பில் ரப்பர் வளையம் ஒட்டி, குழாயின் முனை அதன் மேல் காற்றுப் புகாமல் படியும்படி செய்தால், திறந்த வெளியில் கேட்காத கனத்த ஒலியும் காதுக்கு வந்துவிடும். முதல் தடவை வளையம் இல்லாமல் செய்து, ஒன்றும் கேட்காமல் ஒரு மாதம் வீணானது, நீங்களும் வீணாக்க வேண்டாம்.

வலது பக்கம் வைத்தவுடன் இடது பக்கம் வைத்து ஒப்பிட வேண்டும் என்ற பழக்கம் இந்தத் தலையணையில்தான் வருகிறது. இயர்போனில் வராது.

வார்டில் இவ்வளவு அமைதி இருக்காதே?

இருக்காதுதான். முதல் வாரம் சுத்தமான ஒலி. இரண்டாவது வாரம் இதயத் துடிப்பைக் கலக்கிறேன். அப்புறம் சட்டை உரசல், மின்விசிறி, பக்கத்துக் கட்டில் குழந்தையின் அழுகை, ஆடி மாதக் காற்றில் ஜன்னல் கதவு அடிப்பது. எல்லாமே தனித் தனித் தடமாக இருப்பதால் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு ஏற்றலாம். திணறினால் குறைக்கலாம்.

குழந்தைகளின் மூச்சைச் செய்திருக்கிறீர்களா?

செய்திருக்கிறேன், முக்கியமாக எண்ணிப் பழகுவதற்கு. இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமான மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. 48, 50, 52 என்று மூன்று கோப்பு கலந்து போட்டு, முழு நிமிடம் எண்ணச் சொல்கிறேன். பதினைந்து செகண்ட் எண்ணி நாலால் பெருக்குகிறவர்களுக்கு 50 வரவே வராது, அதையும் 48 அல்லது 52 என்றுதான் சொல்வார்கள். கிராம நர்ஸாகப் போகப் போகிற பிள்ளைகளுக்கு, மெல்லிய கிரெப்ஸைவிட இந்த எண்ணிக்கைதான் அதிகம் கை கொடுக்கும் என்பது என் எண்ணம்.

ஏஐ இதையெல்லாம் தானே செய்துவிடாதா?

செய்யும், ஆனால் கற்றுக்கொள்ள அதற்கும் பதிவுகள் வேண்டும். பலரும் பயன்படுத்தும் ஒரு திறந்த தொகுப்பு 2017-ல் வந்தது, போர்ச்சுகலிலும் கிரீஸிலும் 126 பேரிடம் எடுத்த 920 பதிவுகள். அதை நானும் கேட்டிருக்கிறேன், பயனுள்ளது. ஆனால் கற்பிக்க எனக்கு வேண்டியது, ஒவ்வொரு வெடிப்பையும் ஏன் அங்கே வைத்தேன் என்று சொல்ல முடிவது. ஏஐ தரும் ஒலியில் அதை யாரிடம் கேட்பது?

இந்த ஒலிகளைக் கேட்டுப் பழகி, வீட்டில் அப்பாவுக்கு நாங்களே பார்க்கலாமா?

வேண்டாம். இவை பாடத்துக்கானவை. ஒரே ஒலி பல நோயில் வரும், ஒலியே இல்லாமலும் நோய் இருக்கும். வீட்டில் பார்க்க வேண்டியவை கண்ணுக்கே தெரியும்: ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்குவது, உதடு நீலம் பாய்வது, மூச்சிழுக்கும்போது குழந்தையின் நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பகுதி உள்ளே குழிவது, பால் குடிக்க முடியாமல் போவது, மயங்கி மயங்கிப் போவது. இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஒலித் தொகுப்பில் கடைசிக் கோப்பு திறக்கவில்லை, சத்தமே வரவில்லை. கெட்டுப் போயிருக்கிறதா?

கெட்டுப் போகவில்லை, திறந்துதான் இருக்கிறது. கடும் ஆஸ்துமாவில் முதலில் வீசிங் பலமாகக் கேட்கும், அப்புறம் குழாய்கள் இன்னும் இறுகி, சுவரைப் படபடக்க வைக்கும் அளவுக்குக் கூட காற்று ஓடாமல் போகும்போது வீசிங் அடங்கிவிடும். வீசிங் நின்றுவிட்டது, தேவலை என்று நினைத்துக்கொண்டு நகர்ந்தால் ஆளை இழந்துவிடுவோம். அந்த நெஞ்சைத்தான் செய்து வைத்திருக்கிறேன். இதயத் துடிப்பு இருக்கிறது, நிமிடத்துக்கு 130. மூச்சு நிமிடத்துக்கு 36, அடிமனை இரைச்சல் காதுக்கு எட்டாத அளவுக்குக் கீழே. ஒலியை முழுதாக ஏற்றி, நல்ல இயர்போனில் மறுபடி கேளுங்கள். முதலில் துடிப்பு வரும். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் வயரை ஆட்டிப் பார்க்கிறார்கள், லேப்டாப்பைத் தட்டிப் பார்க்கிறார்கள். போன வருடம் மண்டபத்துப் பெண் ஒருத்தி, பாசி எடுக்கக் கடலில் முங்கும் அம்மாவின் மகள், வயரைத் தொடவே இல்லை. குழாயை இடது பக்கம் வைத்தாள், வலது பக்கம் வைத்தாள், தலையை நிமிர்த்தி, "மேம், காத்தே போகல, டாக்டரைக் கூப்பிடணும்" என்றாள்.